கொல்லைப்புறக் குறியீட்டெண்

மாலை ஏழடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது மெர்வ் பெங்கெல்லி இடது காலிலிருந்து ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். டிவியில் பங்குச் சந்தை நிலவரம் சொல்லும் கண்ணாடிக்காரன் இன்னும் வரவில்லை. ஆனால் அவன் வந்த பிறகு குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அறுபத்தெட்டு வயதில் கோபப்படுவதற்குக்கூட முன்னேற்பாடு தேவைப்படுகிறது.

வந்தான். பல் எல்லாம் தெரியச் சிரித்தான்.

"இன்று சந்தைக்கு நல்ல நாள். குறியீட்டெண் நாற்பது புள்ளி ஏற்றம்."

செருப்பு பறந்தது. டிவிக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் பட்டு விழுந்தது. மூன்று மாதமாகத் தினமும் எறிகிறார். ஒரு நாள்கூட அவன்மேல் பட்டதில்லை. அது வேறு கோபம்.

"யாருக்குடா நல்ல நாள்? எங்கிட்ட எட்டு கம்பெனிப் பங்கு இருக்கு. இன்னிக்கு ஏழு இறங்கியிருக்கு. எட்டுல ஏழு! எவன் வீட்டுக் கணக்குடா இது?"

"மெர்வ், அவனுக்குக் கேக்காது," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல். "அந்தச் சுவத்துல சுண்ணாம்பு உதிர்ந்தா நீதான் பூசணும். அதையும் சேத்துக் கோவப்பட்டுக்க."

குரல் மனைவி நோலீனுடையது. வாலரூ துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கின் எடை மேடையில் இருபத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவள். மெர்வ் அந்தக் கிடங்குக்குக் கோதுமை லாரி ஓட்டியவர். அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் காதல் வாக்கியம் அல்ல. "வண்டிய விட்டு இறங்கு, உன் எடையும் சேருது" என்பதுதான். அன்றைக்கு இறங்கியவர், இன்றுவரை அவள் சொன்னால் இறங்கிவிடுகிறார். ஏறிய சம்பவம் எதுவும் பதிவாகவில்லை.

மெர்வின் கோபத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. போன செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. வாலரூ கடைத்தெருவில் முப்பது வருஷமாக இருந்த துணிக்கடையை அன்றைக்கு மூடினார்கள். அந்தக் கம்பெனியில் அவருக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. அது போனால் போகட்டும். கடையில் வேலை பார்த்த ஐந்து பெண்கள் வாசலில் நின்று அழுததை அவர் பார்த்துவிட்டார். ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவு பழக்கம். ஏதாவது சொல்ல நினைத்தவர், தலையைக் குனிந்தபடி கடந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் இந்தக் கண்ணாடிக்காரன் 'சந்தைக்கு நல்ல நாள்' என்று சிரிக்கிறான். அந்த ஐந்து பேர் அவன் கணக்கில் எங்கே போனார்கள்? முதலில் அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. வந்த கோபம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

இந்தக் கோபம் போதாதென்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இன்னொன்று வந்தது.

"க்ளெனிஸ் அக்கா போன் பண்ணா," என்றாள் நோலீன், மிஞ்சிய பன்றித்தொடைக் கறியை நறுக்கிக்கொண்டே. "பெர்த்துல தனியா இருக்க முடியலையாம். அத்தான் போய் ஒரு வருஷம் ஆச்சு. இங்க வந்துடுன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"வரட்டும். எங்க படுப்பா? இருக்கறது ஒரே படுக்கை அறை."

"ஷெட்டு இருக்கே."

மெர்வ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். கத்தி கையில் இருக்கும்போது கேட்கக்கூடிய பேச்சு அல்ல அது.

கொல்லைக்கோடியில் இருக்கும் அந்தத் தகர ஷெட்தான் உலகத்தில் மெர்வுக்கென்று இருக்கும் ஒரே இடம். அதில் பீர் வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ், பதினொரு தூண்டில், நண்டு வாரும் கம்பி வலைகள், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா நாற்பது, ஓடாத புல்வெட்டும் இயந்திரம் மூன்று, ஒரு ரேடியோ, ஒரு சாய்வு நாற்காலி. வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஷெட்டில் பேச ஆளே கிடையாது. அதனால் அங்கே மரியாதை அதிகம்.

"என் பொணத்து மேல ஏறித்தான் உங்க அக்கா அந்த ஷெட்டுக்குள்ள போகணும்!"

"அவளுக்கு முட்டி வலி. ஏற முடியாது. நீயே நகந்துக்க."

பத்து நாள் சண்டை நடந்தது. ஜனவரி முதல் சனிக்கிழமை, அந்த ஊருக்கு அது நடுக்கோடை, வெயில் நாற்பத்துமூன்று டிகிரி. சண்டை எப்படியோ ஷெட்டிலிருந்து கிளம்பிக் கண்ணாடிக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. மெர்வின் சண்டைகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

"எட்டுல ஏழு இறங்கி ஒண்ணு ஏறினா அதுக்குப் பேரு ஏத்தமா? நீயே சொல்லு!"

"அது அப்படி இல்ல மெர்வ். அந்த இண்டெக்ஸ்ல..."

"எதுவும் விளக்காத! பித்தலாட்டத்துக்கு விளக்கம் என்ன வேண்டியிருக்கு?"

நோலீன் சற்று யோசித்தாள். ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள்.

"சரி, ஒரு பந்தயம். நம்ம கொல்லையிலும் எட்டுதான் இருக்கு. தக்காளி, வெள்ளரி, பீன்ஸ், குடைமிளகாய், எலுமிச்சை, திராட்சை, கோழி முட்டை, பூசணி. இதுக்கு ஒரு இண்டெக்ஸ் போடுவோம். இன்னிக்கு ஆயிரம் புள்ளின்னு வெச்சுக்குவோம். மார்ச் கடைசிச் சனிக்கிழமை ஆயிரத்துக்குக் கீழ இருந்தா, ஷெட்டுப் பேச்ச நான் எடுக்கவே மாட்டேன். மேல இருந்தா ஷெட்டு அக்காவுக்கு."

மெர்வுக்குக் காது குளிர்ந்தது. கொல்லையில் நடுவது, பறிப்பது எல்லாம் நோலீன். ஆனால் தண்ணீர் ஊற்றுவது யார்? மெர்வ்! குழாயின் கழுத்து யார் கையில் இருக்கிறதோ, சந்தையின் கழுத்தும் அவர் கையில்தான். இவள் எடை மேடையில் உட்கார்ந்து என்னத்தைக் கற்றுக்கொண்டாள்?

"சம்மதம்! ஆனா ஒரு நிபந்தனை. அவனுங்க இண்டெக்ஸுக்கு என்ன விதியோ அதே விதி. ஒரு எழுத்து மாறக்கூடாது. அப்பத்தான் அது எப்பேர்ப்பட்ட மோசடின்னு உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

"அதே விதியா?"

"அதே விதி!"

"அப்புறம் மாத்திப் பேச மாட்டியே?"

"நான் எப்ப மாத்திப் பேசினேன்?"

நோலீன் உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தாள். நூலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு நடந்த வகுப்பில் கொடுத்ததாம். பதினாறு பக்கம். 'குறியீட்டெண்: விதிகளும் விளக்கமும்.' மெர்வ் அதைத் திறக்கவில்லை. பகைவனின் புத்தகத்தைப் படிப்பது தோல்வியில் பாதி என்பது அவர் கொள்கை. பின்னட்டையில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நோலீன் உடனே கொல்லைக்குப் போய் அளந்தாள். அளக்கும் முறை எளிது. செடியில் எத்தனை காய் தொங்குகிறது என்று எண்ண வேண்டும். ஒரு காயின் எடையால் பெருக்க வேண்டும். பூசணியைப் பறிக்காமல் நிறுக்க முடியாது என்பதால் அதற்கு மட்டும் சுற்றளவை நாடா போட்டு அளந்து, வருஷாவருஷம் நடக்கும் விவசாயக் கண்காட்சிச் சங்கத்தின் அட்டவணையில் எடை பார்ப்பாள். அந்தச் சங்கத்தில் பூசணிக்கு நடுவரே அவள்தான். எட்டு பூசணிப் பிஞ்சு, ஒன்று இரண்டு கிலோ வீதம் பதினாறு கிலோ. மற்ற ஏழும் சேர்ந்து இருபத்துநாலு. ஆக நாற்பது கிலோ. நாற்பது கிலோ என்றால் ஆயிரம் புள்ளி. ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து. கணக்கைச் சீட்டில் எழுதிச் சமையலறை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

மறுநாள் காலையிலேயே மெர்வ் சந்தையைச் சரிக்கக் கிளம்பிவிட்டார்.

தக்காளிக்கு முன்னால் குழாயோடு நின்றார். பார்த்தார். நகர்ந்தார். வெள்ளரிக்கு முன்னால் நின்றார். விசிலடித்தார். நகர்ந்தார். பீன்ஸுக்கு ஒரு வாய் தண்ணீர், அதுவும் நோலீன் ஜன்னலில் தெரிந்ததால். கோழிகளைப் பட்டினி போட மனசு வரவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளில் வந்த சந்தைப் பக்கத்தைத் தினமும் உரக்கப் படித்துத் திட்டினார். நாலாவது நாளிலிருந்து கோழிகள் முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டன.

"மெர்வ், பூசணிக்கு ஊத்தினியா?" என்று ஜன்னலிலிருந்து நோலீன் கேட்பாள்.

"ஊத்தறேன், ஊத்தறேன்!"

ஊற்றினார். மற்ற செடிகளுக்கு ஊற்றாமல் மிச்சம் பிடித்த தண்ணீரை எல்லாம் பூசணிக்கே ஊற்றினார். ஒன்று ஏறினால் ஏறட்டும். அப்போதுதான் சந்தேகம் வராது. எட்டில் ஒன்று அவளுக்கு, ஏழு எனக்கு. கோழி எருவைக்கூட வாரி வாரி அதற்கே போட்டார். மெர்வ் எப்போதுமே தாராள மனசுக்காரர், தான் ஜெயிப்பதாக நினைக்கும்போது.

பிப்ரவரி நடுவில் தக்காளி கருவாடு மாதிரி சுருண்டது. பீன்ஸ் கொடி கம்பியாகிவிட்டது. குடைமிளகாய் மிளகு அளவுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை நோலீன் நோட்டோடு கொல்லையைச் சுற்றி வந்தபோது, மெர்வ் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். துக்க வீட்டில் சிரிப்பை அடக்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏழும் இறங்கிடுச்சு," என்றாள் நோலீன்.

"ஐயோ பாவம்."

"ஏழும் சேந்து ஒம்போது கிலோதான்."

"வெயில் அப்படி. மனுஷன் என்ன பண்ண முடியும்?"

"பூசணி ஒண்ணு அஞ்சு கிலோ வெச்சு நாப்பது. மொத்தம் நாப்பத்தொம்போது." பென்சிலை நக்கினாள். "ஆயிரத்து இருநூத்தி இருபத்தஞ்சு புள்ளி. நல்ல ஏத்தம் மெர்வ்."

மெர்வின் முகத்தில் இருந்த துக்கம் நிஜமாயிற்று.

"என்னது! எட்டுல ஏழு செத்துக் கெடக்கு, கண்ணால பாக்கற! ஏத்தமா?"

"நாப்பது டன் லாரியும் உன் சைக்கிளும் எடை மேடையில ஏறினா ரெண்டும் ஒண்ணாவா எழுதுவாங்க? பெரிசு எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு அதுக்கு இடம். பங்குச் சந்தையிலும் அதேதான். நாலு பேங்கும் ரெண்டு சுரங்கக் கம்பெனியும் ஏறினா போதும், உன்ன மாதிரி சில்லறையெல்லாம் கவுந்து கெடந்தாலும் இண்டெக்ஸ் ஏறும். நாலாம் பக்கத்துல போட்டிருக்கு."

"அப்ப சின்னது சாகறது?"

"அது சொல்லாது மெர்வ். அதச் சொல்றதுக்காக அத யாரும் செய்யல. மொத்தம் எவ்வளவுன்னு மட்டுந்தான் அது சொல்லும்."

மெர்வ் சுருண்ட தக்காளியையும் பருத்த பூசணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து மாதமாகத் தான் செருப்பு எறிந்தது பொய்யின்மேல் அல்ல, வேறு ஏதோ கேள்விக்கான பதிலின்மேல் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காயிற்று. பொய் சொல்கிறவனையாவது மடக்கலாம்; உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறவனை என்ன செய்வது? அதைவிடக் கொடுமை, ஒன்றரை மாதமாக அந்தப் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

அன்று மத்தியானமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூசணிக் கொடிக்கு முன்னால் போய் நின்றார். ஒரே வெட்டு. வேர் அறுந்தால் விவகாரம் தீர்ந்தது. எட்டு பூசணியும் அந்த ஊர்ப் பூசணிக்கே உரிய சாம்பல் பூத்த நீலத்தில், பெருத்த மனுஷர்கள் வெயில் காய்வதுபோல் கிடந்தன. அவர் ஊற்றிய தண்ணீர். அவர் வாரிப் போட்ட எரு. மூன்றாவது பூசணிக்கு அடியில் ஈரம் படாமலிருக்க அவரே ஒரு பலகை வைத்திருந்தார், பந்தயத்தை மறந்து. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மார்ச் முதல் வாரம் அவருக்கு வழி பிறந்தது. டீ குடிக்கச் சமையலறைக்குப் போனால், மேஜைமேல் அந்தப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. ஆறாம் பக்கம். பக்கம் மூடாமலிருக்க மேலே சர்க்கரைக் கிண்ணம் வேறு. நோலீன் கோழிக் கூண்டில் இருந்தாள். மெர்வ் நின்றபடியே படித்தார்.

'பெரும் உரிமையாளர் ஒருவர் விற்பனைக்கு விடாமல் தம் வசமே வைத்துக்கொண்டுள்ள பங்குகள் குறியீட்டெண்ணில் சேர்த்துக்கொள்ளப்படா.'

மூன்று தடவை படித்தார். கடைசித் தடவை உதடு அசையப் படித்தார். பூட்டி வைத்தது கணக்கில் சேராது! பூசணியைப் பறித்து ஷெட்டில் வைத்துப் பூட்டு போட்டுவிட்டால்? பூசணி கிடையாது! மிச்சம் ஏழு பரதேசிகள். அவர்கள் விதி, அவர்கள் புத்தகம், அவர்கள் மண்டையிலேயே ஒரு போடு! மெர்வ் டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.

ஒரே சிக்கல், ஷெட்டில் ஒரு பூசணி வைக்கக்கூட இடம் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கத்து கிளாரியிடம் போனார். கிளாரி குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருஷச் சிநேகிதன்.

"டேய் கிளாரி, பூசணிக்காய எடுத்து வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்?"

"அது எங்க வெக்கறங்கறதப் பொறுத்ததுடா. சாமான் அடைஞ்ச எடத்துல வெச்சா ரெண்டே நாள்ல அழுகும். பெயிண்ட் வாசனை பட்டா ஒரே நாள்."

"ஒரே நாளா!"

"பின்ன? சுவத்துக்கு வெள்ளையடிக்கணும், இல்லன்னா பூஞ்சை புடிக்கும். ஜன்னல் தொறந்து மூடணும். தரை காஞ்சிருக்கணும். எட்டுக்கும் நடுவுல கை போற அளவு இடம் விடணும்."

எட்டு என்று நான் சொல்லவே இல்லையே, இவனுக்கு எப்படித் தெரியும் என்று மெர்வ் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மனசு முழுக்கக் கண்ணாடிக்காரன் இருந்தான், அழுதுகொண்டு.

பதினைந்து நாள் மெர்வ் உழைத்த உழைப்பு இருக்கிறதே, லாரி ஓட்டிய காலத்தில்கூட அவர் அப்படி உழைத்ததில்லை. நாற்பது பெயிண்ட் டப்பாவும் மூன்று புல்வெட்டும் இயந்திரமும் கிளாரியின் வண்டியில் ஏறி ஊர்க் குப்பைமேட்டுக்குப் போயின. தூண்டிலும் வலையும் கிளாரி வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போயின. ஃபிரிட்ஜும் அங்கேயே போயிற்று. அதற்கு மட்டும் கிளாரி கேட்காமலே உதவிக்கு வந்தான். தரையைத் தேய்த்துக் கழுவினார். பத்து வருஷமாகத் திறக்காத ஜன்னலுக்கு எண்ணெய் போட்டார். உள்ளே வெள்ளையடித்தார், இரண்டு பூச்சு. கூரை ஒழுக்கை அடைத்தார். பூசணிக்கு ஈ மொய்க்கக் கூடாதே என்று ஜன்னலுக்கு வலைக்கதவுகூட அடித்தார். முதுகு கழன்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் அந்தச் சிரிக்கிற முகத்தை நினைத்துக்கொண்டதில் சுத்தியல் குறி தவறவே இல்லை.

"என்ன மெர்வ், திடீர்னு?" என்றாள் நோலீன், மாவுக்குள் மாமிசம் அடைத்துச் சுட்ட பஸ்டியும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு.

"ஏன், ஒரு மனுஷன் அவன் ஷெட்ட அவன் சுத்தம் பண்ணக்கூடாதா?"

"தாராளமா. பத்தொம்போது வருஷமா நான் சொல்றதுதானே."

"நீ சொல்லி நான் பண்ணல. ஞாபகம் வெச்சுக்க!"

"சேச்சே. நான் சொன்னா நீ எப்ப பண்ணியிருக்க?"

இன்னொரு பஸ்டியையும் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் கேட்காமல் இரண்டாவது பஸ்டி வந்தது அதுதான் முதல் தடவை. அங்கேயாவது அந்த மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டாமா!

மார்ச் கடைசிச் சனிக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கே மெர்வ் எட்டு பூசணியையும் காம்போடு வெட்டி, ஒவ்வொன்றாகக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய் ஷெட்டில் பலகைமேல் வைத்தார். பூட்டினார். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டு, பையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு நோலீன் நோட்டோடு கொல்லைக்கு வந்தாள். கொடியைப் பார்த்தாள்.

"பூசணி எங்க?"

"பூட்டி வெச்சாச்சு! பெரும் உரிமையாளர் தம் வசமே வெச்சுக்கிட்டார்!" மெர்வின் குரல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். வேலிமேல் கிளாரியின் தலை முளைத்தது. "பெரும் உரிமையாளர் நான்தான்! ஆறாம் பக்கம்! பூட்டி வெச்சது கணக்குல சேராது! உங்க விதி, உங்க புத்தகம்! எண்ணு! மிச்சம் ஏழையும் எண்ணு!"

நோலீன் மறு பேச்சுப் பேசாமல் எண்ணினாள். நிறுத்தாள்.

"ஏழும் சேந்து நாலு கிலோ."

"நாலு கிலோ! கிலோவுக்கு இருபத்தஞ்சு. நூறு புள்ளி! ஆயிரத்துல இருந்து நூறு! உலகத்துல எந்தச் சந்தையும் இப்படிக் கவுந்ததில்ல! கிளாரி, நீ சாட்சி! ஷெட்டு எனக்கு!"

"ஆறாம் பக்கம் சரிதான் மெர்வ்," என்றாள் நோலீன். "பூசணி கணக்குல சேராது. ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கறாளாம்டா!"

"ஏழாம் பக்கத்தப் படிச்சியா?"

மெர்வின் கை சாவிப் பையிலிருந்து மெல்ல விலகியது. ஏழாம் பக்கத்தைப் பார்க்க ஆறாம் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பவில்லை. சர்க்கரைக் கிண்ணம் இருந்தது.

நோலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "'ஒரு பங்கு நீக்கப்படும்போதோ குறைக்கப்படும்போதோ, அதன் காரணமாக மட்டும் குறியீட்டெண் மாறுதல் ஆகாது. வகுக்கும் எண் திருத்தப்பட்டு, முந்தைய முடிவுப் புள்ளியே தொடரும்.'"

"தமாஷ் பண்ணாம புரியற மாதிரி சொல்லு!"

"லாரியிலேர்ந்து டிரைவர் இறங்கினா, கோதுமை குறைஞ்சுபோச்சுன்னு எழுதுவமா? டிரைவர் எடையக் கழிச்சுட்டு, கோதுமை இருந்த எடத்துலேயே இருக்குன்னுதான எழுதுவோம்? அதேதான். நேத்துச் சாயங்காலம் நான் நாடா போட்டேன். பூசணி ஒண்ணு ஏழு கிலோ, எட்டுக்கும் அம்பத்தாறு. மத்தது நாலு. மொத்தம் அறுபது. ஆயிரத்தி ஐந்நூறு புள்ளி. நீ பூசணியப் பூட்டிட்ட. சரி. அதனால புள்ளி இறங்கக்கூடாது. நேத்து வரைக்கும் கிலோவுக்கு இருபத்தஞ்சு. இன்னிக்கு இருக்கற நாலு கிலோதான் ஆயிரத்தி ஐந்நூறு. கிலோவுக்கு முந்நூத்தி எழுபத்தஞ்சு."

"காய்ஞ்சுபோன நாலு கிலோ ஆயிரத்தி ஐந்நூறா!"

"உன் விதி மெர்வ். ஒரு எழுத்து மாறக்கூடாதுன்ன. பின்னட்டையில கையெழுத்து இருக்கு."

"அப்ப நான் பூட்டினதுல என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

மெர்வ் கத்தினார். கண்ணாடிக்காரனைத் திட்டினார், புத்தகம் போட்டவனைத் திட்டினார், புத்தகம் கொடுத்த நூலகத்தைத் திட்டினார், சர்க்கரையைத் திட்டினார். வகுக்கும் எண்ணை மாற்றுகிறவன் குடும்பம் விளங்காது என்றார். செத்துப்போன தக்காளிச் செடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். அது கிளாரியின் தலையில் விழுந்தது. ஆறு மாதத்தில் அவர் எறிந்து குறி தப்பாமல் போய்ச் சேர்ந்த ஒரே பொருள் அதுதான். கத்தி முடித்தபோது மூச்சு வாங்கியது. நோலீன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். குரல் இறங்கியது.

"சரி. தோத்துட்டேன். ஆனா உங்க அக்கா வரதுக்கு இன்னும் நாளாகும்ல? பெர்த்துல வீட்ட விக்கணும், சாமானக் கட்டணும். அதுவரைக்கும் ஷெட்டு எனக்குத்தான."

நோலீன் நோட்டை மூடினாள். வாசல் பக்கம் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பிறகு ஒரு பெட்டி, பிறகு இன்னொரு பெட்டி, பிறகு க்ளெனிஸ்.

"இன்னிக்கேவா!" என்றார் மெர்வ்.

"டிக்கெட் விலை அப்பக் கம்மியா இருந்துது," என்றாள் நோலீன். "ஜனவரியில."

க்ளெனிஸ் அக்கா மெர்வைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அவர் பையிலிருந்து சாவியை எடுத்தது யார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஷெட் திறந்தது. அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கழுவிய தரையைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னப்பா மெர்வ் இது, கண்ணாடி மாதிரி வெச்சிருக்க! 'கவலப்படாத அக்கா, மார்ச்சுக்குள்ள அவரே காலி பண்ணி வெள்ளையடிச்சு வெச்சிருப்பார், ஜன்னலுக்கு வலை மட்டும் நாமதான் அடிச்சுக்கணும்'னு நோலீன் கிறிஸ்துமஸுக்கே சொன்னா. அவ கணக்குத் தப்பாப் போச்சு பாரு, வலையும் அடிச்சிருக்கியே!"